விக்கியில் உள்ளடக்க வகைக்குத் தனிப் புலம்: ஸ்கீமாவில் (டேபிள்களின் அமைப்பில்) கை வைக்கும் முன் யோசனை கேட்கிறேன்

#1 வரப்பு

நாங்கள் நாலு பேர் சேர்ந்து பராமரிக்கும் விக்கி மென்பொருள் ஒன்று இருக்கிறது. பிஎச்பியில் எழுதியது, பின்னால் மரியாடிபி தரவுத்தளம். பக்கம், திருத்தம், உரை என்று மூன்று டேபிள்கள்தான் முதுகெலும்பு. பக்க டேபிளில் தலைப்பும் பெயர்வெளியும் (பக்கம் எந்தப் பிரிவு என்பது). திருத்த டேபிளில் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு வரிசை. உரை டேபிளில் அந்தச் சேமிப்பின் முழு எழுத்து. இருப்பதிலேயே பெரிய நிறுவலில் திருத்தங்கள் 40 லட்சத்தைத் தொட்டுவிட்டன.

தொடங்கியபோது எல்லாமே விக்கிஉரைதான், அதாவது விக்கிக்கே உரிய எளிய குறியீட்டு எழுத்து. பிறகு ஜேசன் (தரவை எழுதும் வடிவம்) பக்கம் கேட்டார்கள், சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) கேட்டார்கள், லுவா மொழி நிரற்கூறுகள் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் தலைப்பைப் பார்த்து வகையைச் சொல்லும் செயற்கூறில் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டே போனோம். தலைப்பு ‘.ஜேசன்’ என்று முடிந்தால் ஜேசன், ‘.சிஎஸ்எஸ்’ என்று முடிந்தால் சிஎஸ்எஸ், நிரற்கூறு பெயர்வெளியில் இருந்தால் லுவா, மற்றதெல்லாம் விக்கிஉரை. இப்போது மார்க்டவுன் (இன்னொரு எளிய குறியீட்டு முறை) வேண்டும் என்கிறார்கள். மார்க்டவுன் பக்கத்தின் தலைப்பில் எந்த அடையாளமும் இருக்காது. ஆகவே தலைப்பைப் பார்த்து ஊகிக்கும் வழி இத்தோடு முடிந்தது.

என் திட்டம் இதுதான். பக்க டேபிளில் ஒரு புலம் (நெடுவரிசை), திருத்த டேபிளில் ஒரு புலம், இரண்டிலும் வகையின் பெயரை எழுத்தாகவே வைப்பது. பழைய வரிசைகளைத் தொட வேண்டியதில்லை, அவற்றில் ‘நல்’ (மதிப்பே இல்லாத வெறுமை) இருக்கட்டும். ‘நல்’ என்றால் பழைய தலைப்பு விதியையே பயன்படுத்திக்கொள். இப்படிச் செய்தால் ஒரே இரவில் வேலை முடிந்துவிடும், 40 லட்சம் வரிசையை நிரப்பும் பாடும் இல்லை.

இதில் எனக்குத் தெரியாத குழி எங்கே இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்வெட்டு

குழி அந்த ‘நல்’லில்தான் இருக்கிறது, வரப்பு. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கி இதே பாதையில் நடந்திருக்கிறது. 2012 அக்டோபரில் விக்கித்தரவு என்ற தரவுக் களஞ்சியம் வந்தது. அதன் பக்கங்கள் விக்கிஉரை அல்ல, உள்ளே ஜேசன். அந்தத் தேவைக்காக எழுதப்பட்ட உள்ளடக்க வகை ஏற்பாடு 2013-இல் 1.21 பதிப்போடு எல்லோருக்கும் கிடைத்தது. பக்க டேபிளில் வகைக்கு ஒரு புலம். திருத்த டேபிளிலும், நீக்கிய திருத்தங்கள் போய்ச் சேரும் ஆர்க்கைவ் டேபிளிலும் வகைக்கு ஒன்று, வடிவத்துக்கு (உள்ளடக்கத்தை எழுத்தாக்கிச் சேமிக்கும் முறைக்கு) ஒன்று என இரண்டிரண்டு. அங்கும் நீங்கள் சொல்வது போலவே ‘நல்’ என்றால் ‘இந்தத் தலைப்புக்கு உரிய இயல்பு வகை’ என்று பொருள் வைத்தார்கள். அன்றைக்கு அது இடத்தை மிச்சம் பிடித்தது, பழைய வரிசைகளையும் தொட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இயல்பு வகை தலைப்பைப் பொறுத்தது. தலைப்பு மாறும். உள்ளமைவைப் பொறுத்தது. அதுவும் மாறும். அப்படியானால் ஏழு வருடம் முன்பு சேமித்த ஒரு திருத்தத்தின் பொருளை இன்றைக்கு யாரோ செய்யும் ஒரு பக்க நகர்த்தல் மாற்றிவிடுகிறது.

நான் பராமரித்த ஒரு விக்கியில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ‘எல்லைகள்.ஜேசன்’ என்று ஒரு பக்கம். உள்ளே வரைபடப் புள்ளிகள், அதாவது பட்டியலுக்குள் பட்டியல். ஒருவர் அதை ‘எல்லைகள்’ என்று நகர்த்தினார். புதிய தலைப்பில் ‘.ஜேசன்’ என்ற ஒட்டு இல்லை, எனவே ‘நல்’ இருந்த பழைய திருத்தங்கள் எல்லாம் அந்த நொடியே விக்கிஉரை ஆகிவிட்டன. பழைய திருத்தம் ஒன்றைத் திறந்தேன். உள்ளே தள்ளி எழுதிய ஒவ்வொரு வரியும் இடைவெளியில் தொடங்குவதால் கட்டத்துக்குள் போய் நின்றது. இரட்டைச் சதுர அடைப்பு வந்த இடமெல்லாம் இணைப்பு ஆகிவிட்டது. அடுத்த முறை யாரோ பக்கத்தைப் பழைய நிலைக்கு மீட்டதும் இணைப்பு டேபிளில் ‘12.5, 80.1’ போன்ற தலைப்புகளுக்கு நூற்றுக்கணக்கில் சிவப்பு இணைப்புகள் (இல்லாத பக்கங்களுக்கான இணைப்புகள்) பதிவாகின. உரை டேபிளில் ஒரு எழுத்து கூட மாறவில்லை. அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பதுதான் தொலைந்துபோனது.

விக்கியின் உயிரே வரலாறுதான். சேமித்த கணத்தில் இது என்ன வகை என்று தெரிந்திருந்ததல்லவா, அதை அந்தக் கணத்திலேயே வரிசையில் எழுதிவிடுங்கள். பிறகு எவரும் அதை ஊகிக்கவே கூடாது.

#3 நிழல்

கல்வெட்டு அண்ணா சொல்றது புரியுது. அப்ப ஈனம் (enum, அனுமதிச்ச பேருங்களோட பட்டியலை டேபிள் வரையறையிலயே வைக்கிற புலம்) வைச்சுட்டா என்ன? வகை மொத்தமே அஞ்சாறுதான். ஒரு பைட்ல முடிஞ்சிரும், பேரும் படிக்கிற மாதிரியே இருக்கும்.

#4 தறி

ஈனம் வேண்டாம் நிழல். வகைகள் மென்பொருளின் மையத்திலிருந்து மட்டும் வருவதில்லை, நீட்சிகளும் (கூடுதல் வசதிக்காக நிறுவும் துணை நிரல்கள்) கொண்டுவரும். ஒவ்வொரு நீட்சியும் நிறுவப்படும்போது இருப்பதிலேயே பெரிய டேபிளின் வரையறையை மாற்ற வேண்டும் என்றால் யாரும் நீட்சி எழுத மாட்டார்கள். கடைசியில் சேர்ப்பது வேகமாக முடியும் என்பது சரி. நீக்குவதும் வரிசை மாற்றுவதும் அப்படி இல்லை. ஒரே மென்பொருளின் இரண்டு நிறுவல்களில் ஈனம் வேறு வேறு வரிசையில் இருந்தால் பிறகு மேம்படுத்தும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் பாடு சொல்லி மாளாது.

பெயரை எழுத்தாக வைப்பதா, எண்ணாக வைப்பதா என்பதில் என் கருத்து கொஞ்சம் வேறு. கணக்கைப் போட்டுவிட்டுப் பேசலாம். ஆங்கிலத்தில் ‘விக்கிடெக்ஸ்ட்’ எட்டு எழுத்து, நீளத்துக்கு ஒரு பைட், ஆக 9 பைட். 40 லட்சம் வரிசைக்கு 36 எம்பி. இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். வரப்பின் அளவுக்கு எழுத்தாகவே வைத்தாலும் ஒன்றும் குடி முழுகாது.

மீடியாவிக்கியின் கதை வேறு. அங்கே வகையோடு வடிவத்தையும் எழுதினால் விக்கிஉரைத் திருத்தம் ஒன்றுக்கு 21 பைட். ஆங்கில விக்கிப்பீடியா 2021 ஜனவரியில் நூறு கோடியாவது தொகுப்பைத் தொட்டது. நூறு கோடி வரிசையில் 21 பைட் என்றால் 21 ஜிபி, அதுவும் தரவுத்தளத்தின் நகலான ஒவ்வொரு ரெப்ளிகாவிலும். இப்படிப் பெருகும் என்பதால்தான் வகைப் பெயர்களை ஒரு சின்ன டேபிளில் வைத்து, பெரிய டேபிளில் இரண்டு பைட் ஸ்மால்இன்ட் எண்ணை மட்டும் வைக்கும் முடிவுக்கு வந்தார்கள்.

எனக்கு இதில் இடத்தை விட இன்னொரு காரணம் முக்கியமாகப் படுகிறது. பெயர் டேபிள் இருந்தால் ‘எங்கள் விக்கியில் இதுவரை புழங்கிய வகைகள் எவை’ என்ற கேள்விக்கு ஒரே வினாடியில் பதில். எழுத்துப் புலத்தில் யாராவது தப்பான ஸ்கிரிப்டால் ‘ஜேசண்’ என்று ஒரு எழுத்துப் பிழையோடு எழுதிவைத்தால், அது தனி வகையாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். பெயர் டேபிளில் அது புதிய வரிசையாக வந்து கண்ணில் குத்தும்.

அப்புறம் வடிவப் புலத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். விக்கிஉரைக்கு ஒரே வடிவம், ஜேசனுக்கு ஒரே வடிவம். வகை தெரிந்தால் வடிவம் தெரியும். மீடியாவிக்கியின் புதிய டேபிள்களில் அதற்குப் புலமே கிடையாது.

#5 வரப்பு

நன்றி. ‘நல்’ யோசனையைக் கைவிட்டுவிட்டேன். கல்வெட்டு ஐயா சொன்ன அந்த வரைபடப் பக்கம் போலவே எங்களிடமும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இருக்கிறது. இதுவரை யாரும் புகார் சொல்லாததற்குக் காரணம், பழைய திருத்தத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தறி அக்கா, பெயர் டேபிள் என்றால் எண்ணை யார் உருவாக்குவது? சேமிக்கும்போது பெயர் இல்லையென்றால் அங்கேயே ஒரு இன்சர்ட் (புதிய வரிசை சேர்க்கும் கட்டளை) போட்டு, எண்ணை எடுத்து, கேஷில் (வேகத்துக்கான தற்காலிக நினைவகத்தில்) வைத்துக்கொள்ளலாமா?

#6 தறி

வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த இடத்தில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

சேமிப்பு என்பது ஒரு டிரான்சாக்ஷன், முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும். அதற்குள் புதிய வகைக்கு இன்சர்ட் போட்டோம், எண் 17 கிடைத்தது. உடனே பொதுக் கேஷில் ‘இந்த வகை = 17’ என்று எழுதினோம். அடுத்த வரியில் தொகுப்பு முரண்பாடு, டிரான்சாக்ஷன் முழுவதும் ரோல்பேக் (ரத்து). பெயர் டேபிளில் 17 மறைந்துவிட்டது. கேஷில் மறையவில்லை. மற்ற சர்வர்கள் கேஷைப் படித்து அடுத்த ஒரு மணி நேரம் திருத்த வரிசைகளில் 17 என்று எழுதிக்கொண்டே இருந்தன. கேஷ் காலாவதியான பிறகு வேறு ஒரு வகைக்கு 18 கிடைத்தது, 17-க்குச் சொந்தக்காரரே இல்லை. எந்த வகை என்று எங்கள் பதிவேட்டில் இருந்ததால் தப்பித்தோம்.

ஆகவே பெயரைச் சேர்க்கும் இன்சர்ட்டைத் தனி இணைப்பில் ஓட்டுங்கள், உடனே கமிட் ஆகும்படி (உறுதியாகும்படி). வெளி டிரான்சாக்ஷன் தோற்றாலும் பெயர் மட்டும் நிற்கும். பயன்படாத ஒரு பெயர் டேபிளில் கிடப்பதால் ஒரு கேடும் இல்லை.

இன்னொன்று, ‘இன்சர்ட் இக்னோர்’ (ஏற்கெனவே இருந்தால் பிழை காட்டாமல் விட்டுவிடும் இன்சர்ட்) போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு எண்ணைத் தேடும் பழக்கம் பலருக்கு உண்டு. மரியாடிபியின் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் அந்த இன்சர்ட் வீணானாலும் தானியங்கி எண் ஒன்று செலவாகிவிடும். ஒவ்வொரு சேமிப்புக்கும் அப்படி ஓடினால், ஸ்மால்இன்டின் உச்சம் 32,767 என்பதை மறந்துவிடாதீர்கள், வகை ஆறுதான் இருக்கும், எண் தீர்ந்துபோயிருக்கும். முதலில் செலக்ட் (தேடி எடுக்கும் கட்டளை), கிடைக்காவிட்டால் மட்டும் இன்சர்ட்.

இதை விடவும் எளிது, நீட்சியை நிறுவும்போதே மேம்படுத்தும் ஸ்கிரிப்ட் பெயரைப் பதிந்துவிடுவது. சேமிக்கும் வழியில் பெயர் கிடைக்கவில்லை என்றால் பிழை காட்டிச் சேமிப்பை நிறுத்துங்கள். உங்கள் அளவுக்கு நான் இதைத்தான் செய்வேன்.

#7 பனித்துளி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வகையை ஏன் திருத்த டேபிளில் வைக்கிறீர்கள்? அது எழுத்தின் குணம்தானே, உரை டேபிளில் அல்லவா இருக்க வேண்டும்?

#8 கல்வெட்டு

நல்ல கேள்வி, பனித்துளி. மீடியாவிக்கியிலும் இந்தக் கேள்வியில்தான் பெரிய திருப்பம் வந்தது.

ஒரு திருத்தத்துக்கு ஒரே ஒரு உள்ளடக்கம் என்று இருக்கும் வரை திருத்த வரிசையில் வகையை வைப்பது போதும். விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் படத்தின் விளக்கம் விக்கிஉரையாகவும், அதே பக்கத்தின் கட்டமைக்கப்பட்ட தரவு ஜேசனாகவும், இரண்டும் ஒரே திருத்த வரலாற்றில் வர வேண்டும் என்ற தேவை எழுந்தது. ஒரு திருத்தத்துக்கு இரண்டு வகை. ஒற்றைப் புலத்தில் அது அடங்காது. எனவே ஸ்லாட் என்று ஒரு டேபிள், கன்டென்ட் என்று ஒரு டேபிள், வகைப் பெயருக்கும் ஸ்லாட்டின் பங்குக்கும் ஆளுக்கொரு பெயர் டேபிள். ஸ்லாட் வரிசை ‘இந்தத் திருத்தத்தில், இந்தப் பங்கில், இந்த உள்ளடக்கம்’ என்கிறது. கன்டென்ட் வரிசையில் அளவு, ஷா1 கைரேகை (எழுத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி), வகை எண், எழுத்து எங்கே கிடக்கிறது என்ற முகவரி. படத்தின் விளக்கத்தை மட்டும் மாற்றினால், தரவு ஸ்லாட் பழைய கன்டென்ட் வரிசையையே சுட்டும், நகல் எடுக்காது.

கவனியுங்கள், வகை அங்கே கன்டென்ட் வரிசையில் இருக்கிறதே ஒழிய எழுத்து கிடக்கும் டேபிளில் இல்லை. காரணம் உண்டு. ஒரு பக்கத்தின் எழுத்தை மாற்றாமல் வகையை மட்டும் மாற்றலாம். விக்கிஉரையாக இருந்ததை வெற்றுரை என்று அறிவிக்கலாம். பைட்டுகள் அதேதான், வகை வேறு. வகையை உரை டேபிளில் எழுதினால், இரண்டு திருத்தங்கள் ஒரே எழுத்தைப் பகிர முடியாது, அல்லது இன்னும் மோசமாக, பழைய திருத்தத்தின் வகையும் சேர்ந்து மாறிவிடும்.

வரப்புக்கு இன்று ஸ்லாட் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பேன். திருத்த டேபிளிலேயே வகை எண்ணை வையுங்கள். என்றாவது இரண்டாவது உள்ளடக்கம் தேவைப்பட்டால், சரியான வகை எண் ஏற்கெனவே எல்லா வரிசையிலும் இருக்கும், அதை எடுத்துக் கன்டென்ட் டேபிளை நிரப்புவது இயந்திர வேலை. இன்று ஊகத்தில் விட்டுவைத்தால் அன்றும் ஊகம்தான்.

#9 தறி

இதில் நான் முழுக்க உடன்படவில்லை. கன்டென்ட் டேபிளை இன்றே உண்டாக்கிவிட்டால் ஒரு பெரிய மைக்ரேஷன் (பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலை) மிச்சம். ஒரு முறை வலி, இரண்டு முறை அல்ல.

#10 கல்வெட்டு

தறி, ஒரு புலம் சேர்ப்பதும் படிக்கும் வழி முழுவதையும் ஒரு புதிய டேபிள் வழியாகத் திருப்புவதும் ஒரே அளவு வலி அல்ல. மீடியாவிக்கியில் அந்த இரண்டாவது வேலை பல பதிப்புகளுக்கு நீண்டது. நாலு பேர் பராமரிக்கும் மென்பொருளில் யாருக்கும் இன்று தேவைப்படாத ஒன்றுக்காக அந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. இது என் தீர்ப்பு. வரப்பு முடிவு செய்யட்டும்.

#11 வரப்பு

புலத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இப்போது செய்முறைக்கு வருகிறேன். என் வரிசை: முதலில் ஆல்டர் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை), பிறகு பழைய வரிசைகளை நிரப்பும் ஸ்கிரிப்ட், எல்லாம் நிரம்பியதும் புதிய நிரல். சரியா?

#12 நிழல்

வரப்பு அண்ணா, கடைசி ரெண்டையும் மாத்தணும். ஸ்கிரிப்ட் ஓடி முடிக்க ரெண்டு நாள்னு வைங்க. அந்த ரெண்டு நாள்ல பழைய நிரல் எழுதுற புதுத் திருத்தத்துல வகை இருக்காதே. மறுபடி நிரப்பணும், அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் வந்துரும்.

#13 கல்வெட்டு

நிழல் சொல்வதே சரி. எழுதும் நிரல் முதலில், நிரப்புவது அடுத்து, படிக்கும் நிரல் கடைசியில். மீடியாவிக்கியில் இதற்கென்றே கட்டங்கள் வைத்தார்கள்: எழுதுவது பழையதிலா புதியதிலா இரண்டிலுமா, படிப்பது பழையதிலா புதியதிலா என்று தனித்தனிக் கொடிகள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு அடி பின்னே வர முடியும். உங்களுக்கும் உள்ளமைவில் ஒரே ஒரு மாறி போதும், ஆனால் அது நாலு நிலை கொண்டதாக இருக்கட்டும்.

புலத்தை எப்படிச் சேர்ப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம். ‘நல்’ ஆகலாம் என்று சேர்த்துவிட்டுப் பிறகு ‘நல்’ ஆகாது என்று மாற்றினால் டேபிள் முழுவதும் மறுபடி கட்டப்படும். முதலிலேயே ‘நல்’ ஆகாது, இயல்பு மதிப்பு 0 என்று சேருங்கள். பெயர் டேபிளில் 0 என்ற எண் எப்போதும் இருக்காது. 0 என்றால் ‘இன்னும் நிரப்பவில்லை’ என்று மட்டுமே பொருள். படிக்கும் கட்டத்துக்கு வந்த பிறகு 0 தென்பட்டால் அது பிழை, ஊகத்துக்கு அனுமதி அல்ல. இடையில் பழைய நிரலுக்குத் திரும்ப நேர்ந்தாலும் அதன் இன்சர்ட்கள் உடையாது, 0 விழும், ஸ்கிரிப்ட் மறுபடி ஓடி நிரப்பும்.

எழுதும் நிரலை எல்லா சர்வரிலும் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஏமாந்தவன் நான். பின்னணி வேலைகளை ஓட்டும் ஒரு புராசஸ் மறுதொடக்கம் ஆகாமல் பழைய நிரலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதிக்கொண்டிருந்தது. நிரப்பியாயிற்று, 0 எதுவும் இல்லை என்று சரிபார்த்த மறுநாள் காலை மறுபடி எண்பது வரிசையில் 0. சரிபார்ப்பை ஒரு முறை செய்யாமல், சில நாள் இடைவெளியில் இரண்டு முறை செய்யுங்கள்.

#14 பனித்துளி

ஆல்டர் ஓடும்போது விக்கி நின்றுவிடாதா? 40 லட்சம் வரிசை.

#15 தறி

மரியாடிபி 10.3 முதல், மைஎஸ்க்யூஎல் 8.0.12 முதல், டேபிளின் கடைசியில் ஒரு புலம் சேர்ப்பது உடனடி வேலை. தரவைத் தொடாது. போஸ்ட்கிரெஸில் 11 முதல், நிலையான இயல்பு மதிப்போடு சேர்த்தாலும் டேபிளை மறுபடி எழுதாது.

ஆனால் உடனடி ஆல்டருக்கும் ஒரு கணம் டேபிளின் மேல் மெட்டாடேட்டா பூட்டு (டேபிளின் அமைப்பைக் காக்கும் பூட்டு) வேண்டும். யாரோ ஒருவர் அறிக்கை எடுக்க அரை மணி நேர செலக்ட் ஓட்டிக்கொண்டிருந்தால் ஆல்டர் அதன் பின்னால் காத்து நிற்கும். ஆல்டர் காத்து நிற்பதால் அதற்குப் பிறகு வரும் சாதாரண வாசிப்புகளும் வரிசையில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் விக்கி செத்துவிட்டது. காத்திருப்பின் உச்சவரம்பு மைஎஸ்க்யூஎல்லில் இயல்பாக 3,15,36,000 வினாடி, அதாவது ஒரு வருடம். ஆல்டருக்கு முன் அந்த அமர்வில் மட்டும் அதை 3 வினாடி ஆக்குங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் தோற்கட்டும், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

நிரப்பும் ஸ்கிரிப்ட்டில் முதன்மை எண் வரம்பாக ஆயிரம் ஆயிரமாகப் போங்கள். ஆப்செட் (‘இத்தனை வரிசையைத் தாண்டு’ என்பது) போட்டுத் தாவாதீர்கள், போகப் போக மெதுவாகும். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கமிட், ரெப்ளிகா பின்தங்கினால் நின்று காத்திருப்பு, கடைசி எண்ணை ஒரு இடத்தில் குறிப்பு. ‘வகை 0 ஆக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை அப்டேட்டில் இருக்க வேண்டும். பாதியில் நின்றாலும் பயமில்லாமல் மறுபடி ஓட்டலாம்.

#16 வரப்பு

இதெல்லாம் தெளிவு. என்னைக் குடைவது வேறு. எதை நிரப்புவது? ஒரு திருத்தம் நடந்தபோது பக்கத்தின் தலைப்பு ‘எல்லைகள்.ஜேசன்’. இன்று ‘எல்லைகள்’. இன்றைய விதிப்படி பார்த்தால் விக்கிஉரை. அன்றைய விதிப்படி ஜேசன். எதை எழுதுவது?

#17 தறி

இன்றைய தலைப்பின்படி எழுதினால் வாசகர் இன்று காண்பதும் நாளை காண்பதும் ஒன்றாக இருக்கும். மைக்ரேஷன் தோற்றத்தை மாற்றக்கூடாது என்பது ஒரு நல்ல ஒழுங்கு.

#18 கல்வெட்டு

இன்று வாசகர் காண்பதே தவறு என்றால்? அந்தத் தவறை 40 லட்சம் வரிசையில் நிரந்தரமாக எழுதி வைக்கவா இவ்வளவு பாடு? இதுவரை அது ஊகமாக இருந்தது, திருத்திக்கொள்ள வழி இருந்தது. எழுதிவிட்டால் அது சாட்சியம் ஆகிவிடும். பிறகு வருகிறவர் அதை நம்புவார். நம்பத்தானே எழுதுகிறோம்?

நகர்த்தல் பதிவேடு உங்களிடம் இருக்கிறது அல்லவா? அதில் பழைய தலைப்பும் நகர்ந்த நேரமும் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்தின் நேரத்தையும் அதோடு ஒப்பிட்டு, அன்றைய தலைப்பைக் கண்டுபிடியுங்கள். அன்றைய விதியைப் பதிப்புக் கட்டுப்பாட்டிலிருந்து எடுங்கள். சிஎஸ்எஸ் நிபந்தனை சேர்வதற்கு முன்பு அதே ஒட்டோடு சேமித்தவை விக்கிஉரையாகத்தான் சேமிக்கப்பட்டன.

விதியின் எல்லையைத் தாண்டி நகர்ந்த பக்கங்கள் மட்டுமே சிக்கல். ஜேசனிலிருந்து ஜேசனுக்கு நகர்ந்தவை, விக்கிஉரையிலிருந்து விக்கிஉரைக்கு நகர்ந்தவை பற்றிக் கவலை இல்லை. எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

#19 நிழல்

எழுத்தையே ஜேசனா பார்ஸ் பண்ணி (அதோட இலக்கணப்படி பிரிச்சு) பாத்தா தெரிஞ்சிராதா?

#20 கல்வெட்டு

பாதி தெரியும். பார்ஸ் ஆகவில்லை என்றால், சேமிக்கும்போது சரிபார்க்கும் வழக்கம் இருந்த காலத்துத் திருத்தமாக இருந்தால், அது ஜேசன் அல்ல என்று உறுதி. பார்ஸ் ஆகிவிட்டது என்பதால் ஜேசன் என்று சொல்ல முடியாது. ‘2014’ என்று மட்டும் எழுதிய பக்கம் முறையான ஜேசனும்தான், முறையான விக்கிஉரையும்தான். பார்ஸ் பண்ணுவதை மறுப்பதற்குப் பயன்படுத்துங்கள், நிரூபிப்பதற்கு அல்ல.

#21 பனித்துளி

நீக்கிய பக்கங்களை யாரும் பேசவில்லையே. அவை தனி டேபிளில் இருந்தால் அதிலும் புலம் வேண்டும். பக்கத்தை மீட்கும்போது 0 ஆகத் திரும்பி வரக்கூடாது. எக்ஸ்எம்எல் ஏற்றுமதி, இறக்குமதியும் அப்படித்தான், வகையைப் பெயராக எழுத வேண்டும். எண்ணை எழுதினால் இன்னொரு நிறுவலில் 3 என்பது வேறு வகையாக இருக்கும்.

#22 தறி

அருமை, பனித்துளி. இது எனக்குத் தோன்றவே இல்லை. பழைய கோப்பில் வகை இல்லாவிட்டால், இறக்குமதி நேரத்தில் கோப்பில் இருக்கும் தலைப்பைக் கொண்டு ஒரே ஒரு முறை முடிவு செய்து எழுதிவிட வேண்டும்.

#18-ஐ இரண்டு முறை படித்தேன். கல்வெட்டு சொல்வதுதான் சரி. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

#23 வரப்பு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆல்டர் முதல் இரண்டு முறை பூட்டுக்குக் காத்துத் தோற்றது, மூன்றாவது முறை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. 3 வினாடி வரம்பு இல்லாமல் ஓட்டியிருந்தால் முதல் முறையே விக்கி நின்றிருக்கும். எழுதும் நிரலைப் போட்டு, பின்னணிப் புராசஸ் எல்லாவற்றையும் கையால் மறுதொடக்கம் செய்தோம். நிரப்பி முடித்து ஐந்து நாள் விட்டு மறுபடி பார்த்தோம், 0 இல்லை.

விதியின் எல்லையைத் தாண்டி நகர்ந்த பக்கங்கள் 214. நகர்த்தல் பதிவேட்டை வைத்துப் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்தது. பதிவேடு தொடங்குவதற்கு முன்பே நகர்ந்த பக்கங்களில் 380 திருத்தங்கள் மிஞ்சின. அவற்றில் 291 ஜேசனாகப் பார்ஸ் ஆகவில்லை. சரிபார்ப்பு அப்போதே இருந்ததால் அவை விக்கிஉரை என்று முடிவு செய்தோம். மீதி 89-ஐ நாலு பேரும் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். ஒரு மாலை போயிற்று. கல்வெட்டு ஐயா சொன்னது போல ஒரு பக்கத்தில் ‘0’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது. தொகுப்புச் சுருக்கத்தில் ‘எண்ணிக்கையை மறுபடி தொடங்குகிறேன்’ என்று இருந்ததால் ஜேசன் என்று எழுதினோம்.

இப்போது படிக்கும் கட்டத்துக்கு முந்தைய நிலையில் இருக்கிறோம். பழைய ஊகத்தையும் புதிய புலத்தையும் இரண்டையும் கணக்கிட்டு, வேறுபட்டால் பதிவேட்டில் எழுதுகிறோம், வாசகருக்குப் பழையதையே காட்டுகிறோம். வேறுபட்டவை எல்லாம் நாங்கள் எதிர்பார்த்த பக்கங்கள்தான், ஒன்பது திருத்தங்களைத் தவிர. அந்த ஒன்பதும் நீக்கிய பக்கம் ஒன்றை யாரோ மீட்டதால் வந்தவை. வகை ‘வாக்கெடுப்பு’. அந்த நீட்சியை நாங்கள் மூன்று வருடம் முன்பே எடுத்துவிட்டோம். அதைக் கையாள இப்போது நிரலே இல்லை, புதிய புலத்தின்படி திறந்து பார்த்தால் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. இதற்கு என்ன செய்வது?

#24 பனித்துளி

வகையை மாற்றி எழுதிவிடாதீர்கள். அது வாக்கெடுப்பாகவே இருக்கட்டும். கையாள நிரல் இல்லாத வகைக்கு, உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே வெற்றுரையாகக் காட்டும் ஒரு மாற்றுக் கையாளி எழுதுங்கள். தொகுக்க விடாமல், பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் மட்டும். நீட்சி திரும்பி வந்தால் பக்கமும் திரும்பி வரும்.

#25 வரப்பு

எழுதிவிட்டேன், இருபது வரிதான். ஒன்பது திருத்தங்களும் திறக்கின்றன. முதல் திருத்தத்தில் வாக்களித்தவர்களின் பட்டியலும் அவர்கள் எழுதிய காரணங்களும் முழுதாக இருக்கின்றன. படிக்கும் கட்டத்தை வரும் திங்கட்கிழமை திறக்கிறோம். தலைப்பைப் பார்த்து ஊகிக்கும் பழைய செயற்கூறு இனி இறக்குமதி ஸ்கிரிப்ட்டிலிருந்து மட்டும்தான் அழைக்கப்படும்.

#26 கல்வெட்டு

திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் அந்த வேறுபாட்டுப் பதிவேட்டை நிறுத்தாமல் வைத்திருங்கள், வரப்பு. ஏதாவது வந்தால் இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.